தகவல் அளித்தவர்: குடும்பத் தலைவர்

2020 ஜூன் 8, திங்கள்

காய்ச்சல் கணக்கெடுப்பு வேலையில் சேர்ந்தேன். காலை ஏழரைக்குக் கோட்ட அலுவலக வாசலில் இருபத்திரண்டு பேரை இடைவெளி விட்டு நிற்க வைத்துப் பெயர் கூப்பிட்டார்கள். ஆளுக்கு ஒரு பச்சை மேல்சட்டை, நெற்றிக்கு நேரே காட்டும் வெப்பமானி, விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி, படிவக் கட்டு, ஒரு பேனா. என் பேனா எழுதவில்லை. மாற்றிக் கேட்டேன், வீட்டிலிருந்து எடுத்து வரச் சொன்னார்கள்.

எனக்கு இரண்டு தெரு, நூற்றி நான்கு வீடு. தினமும் ஒரு சுற்று. வீட்டுக்கு ஒரு வரி: கதவு எண், குடும்பத் தலைவர் பெயர், போன் நம்பர், எத்தனை பேர், காய்ச்சல், இருமல், மணம் தெரியவில்லை, கர்ப்பிணி, சர்க்கரை. கடைசிக் கட்டம், தகவல் அளித்தவர்.

சுகாதார ஆய்வாளர் இருதயராஜ் சார் விளக்கினார். "ஒவ்வொருத்தரையா கூப்பிட்டு விசாரிச்சா நூறு வீடு முடியாதும்மா. குடும்பத் தலைவரைக் கேளுங்க. அவர் சொன்னா வீடே சொன்ன மாதிரி."

பன்னிரண்டு வருஷம் எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருந்தேன். சட்டையில் தையல் விட்டிருந்தால் அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஒட்டுவது என் வேலை. மார்ச்சில் கம்பெனியை மூடினார்கள். இந்த டைரி அவர்கள் பொங்கலுக்குக் கொடுத்தது. இன்றுதான் பிரிக்கிறேன்.

என் வீட்டுக்காரர் வேலை பார்க்கிற அடுக்குமாடியில், வெளியே போனால் திரும்ப வராதே என்று சொல்லிவிட்டதால் மார்ச்சிலிருந்து அங்கேயே வாட்ச்மேன் அறையில் படுத்துக்கொள்கிறார். போனில் பேசினோம். "பூங்கோதை, வீட்டுக்குள்ள போகாதே, வாசல்லயே நில்லு" என்றார்.

ஜூன் 9, செவ்வாய்

எழுபத்தொரு வீடு. மற்ற வீடுகளில் ஆள் இருக்கிறார்கள், கதவு திறக்கவில்லை. காய்ச்சல் என்றால் ஆம்புலன்ஸ் வரும், வாசலில் தகரம் அடிப்பார்கள், தெருவே மாடியில் நின்று பார்க்கும். அதனால் இந்த இரண்டு தெருவிலும் யாருக்கும் காய்ச்சல் இல்லை.

14ஆம் எண் வீட்டில் உள்ளே யாரோ இருமினார்கள்.

"யாருங்க இருமுறது?"

"டிவிம்மா."

"டிவில நியூஸ்தானே ஓடுது?"

"ஏன், நியூஸ் வாசிக்கிறவனுக்கு இருமல் வராதா?"

"இல்லை" என்று எழுதினேன்.

ஜூன் 11, வியாழன்

கால் வலி. வெந்நீரில் உப்புப் போட்டு வைத்துக்கொண்டேன்.

நான்கு நாளில் என்னை உட்காரச் சொன்ன ஒரே வீடு 37ஆம் எண். முரளி என்கிற தம்பி. காய்கறி விற்க ஒரு லோடு ஆட்டோ வண்டி வைத்திருக்கிறார். விடிவதற்கு முன்னால் மார்க்கெட்டுக்குப் போய், எட்டரைக்குத் திரும்பி, மதியம் வரை தெருவிலேயே விற்கிறார். தெருச் சங்கத்து ஆட்களோடு சேர்ந்து கபசுரக் குடிநீர் ஊற்றுவதும் அவர்தான். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"வெயில்ல சுத்துற நீ. உக்காருக்கா. எங்க வூட்ல மூணு பேரு. நானு, என் வீட்டுக்காரி சசிகலா, ஏழு மாசம். அப்புறம் மச்சினிச்சி நித்யகலா. திருப்பெரும்புதூர் கம்பெனில இருந்துச்சு. ஆஸ்டல மூடிட்டான், ஊருக்கு பஸ் இல்ல. அக்காவுக்குத் தொணையா இருக்கட்டும்னு நான்தான் வண்டி எடுத்துனு போய் கூட்டியாந்தேன்."

இப்படி எல்லா வீட்டிலும் ஒருவர் இருந்தால் பன்னிரண்டு மணிக்குள் சுற்று முடிந்துவிடும்.

ஜூன் 12, வெள்ளி

37இல் முரளி வண்டியில் தராசு கட்டிக்கொண்டிருந்தார். மச்சினி வாசலுக்கு வந்தாள். இருபது வயது. ஒல்லி. கலா என்று கூப்பிடுகிறார்கள்.

"அக்கா, எனக்குக் காய்ச்சல்" என்றாள்.

காட்டினேன். 97.3. காய்ச்சல் இல்லை என்றேன்.

"உள் காய்ச்சல்."

"மிஷினு பொய் சொல்லாதும்மா."

மற்ற வீடுகளில் காய்ச்சலை ஒளிக்கிறார்கள். இவள் இல்லாததைச் சொல்கிறாள். புதிதாக இருந்தது.

ஜூன் 13, சனி

37இல் கலாவுக்கு நெற்றியில் 100.9. ஒரு நிமிஷம் எனக்கே பதறிவிட்டது. பிறகு பார்த்தால் நெற்றி மட்டும் சிவந்திருக்கிறது, புருவத்து முடி ஈரம். மணிக்கட்டில் காட்டினேன். 97.2.

"வெந்நீர்த் துணி வெச்சியா?"

தலையைக் குனிந்துகொண்டாள்.

"பன்னெண்டு வருஷம் செக்கிங்ல இருந்தவகிட்டயா?" என்றேன். சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. உள்ளே வேலை செய்ய அலுப்பு, முகாமுக்குப் போனால் மூன்று வேளையும் சோறு வரும் என்று யாராவது சொல்லியிருப்பார்கள்.

ஜூன் 15, திங்கள்

இன்றைக்கு மணம் தெரியவில்லை என்றாள். நாக்கும் செத்துப்போச்சாம். சசிகலா உள்ளேயிருந்து, "காலைலதான் ரசத்துல உப்பு பத்தலன்னு சொன்னா" என்றாள்.

கிளம்பும்போது கலா இரண்டு வீடு தள்ளி என் பின்னாலேயே வந்தாள். முகாம் பற்றிக் கேட்டாள். எல்லாரும் கேட்பதுதான், சாப்பாடு எப்படி, கக்கூஸ் எப்படி என்பார்கள். இவள் அதையெல்லாம் கேட்கவில்லை.

"பொம்பளைங்களுக்குத் தனி ரூமாக்கா?"

"ஆமா."

"உள்பக்கம் தாப்பா இருக்குமா?"

"தெரியலம்மா. நான் போனதில்ல."

"எத்தினி நாள் வெச்சுப்பாங்க?"

அதற்குள் முரளி வண்டியிலிருந்து கூப்பிட்டார். போய்விட்டாள்.

ஜூன் 16, செவ்வாய்

தொண்ணூற்றெட்டு வீடு. முதல் முறையாக இவ்வளவு.

37இல் முரளி மட்டும் இருந்தார். நாற்காலி போட்டார். மோர் கொடுத்தார். பேச்சுவாக்கில் மச்சினி விஷயத்தைச் சொன்னேன்: தினமும் காய்ச்சல் என்கிறாள், வெந்நீர்த் துணி வைத்து ஏமாற்றப் பார்த்தாள், முகாமுக்குப் போக ஆசை போலிருக்கிறது, விளையாட்டுப் பெண்ணாக இருக்கிறாள், பொய்யாக ஒரு காய்ச்சல் எழுதிவிட்டால் உங்கள் வண்டிக்குப் பாஸ் போய்விடும், கொஞ்சம் சொல்லிவையுங்கள் என்று.

"அப்டியா சொன்னா?" என்றார். சிரித்தார். "நான் பாத்துக்குறேன்க்கா."

அரைக் கிலோ வெண்டைக்காய் கொடுத்தார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. வாங்கிக்கொண்டேன்.

ஜூன் 17, புதன்

37: மூன்று பேர். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை. தகவல் அளித்தவர், குடும்பத் தலைவர்.

ஜூன் 18, வியாழன்

37: மேற்படி. கலாவைப் பார்க்கவில்லை. "குளிக்கிறா" என்றார்.

ஜூன் 19, வெள்ளி

இன்று முதல் மறுபடி முழு ஊரடங்கு. தெருமுனையில் தடுப்புக் கட்டை. எங்கள் சட்டையைப் பார்த்து விடுகிறார்கள்.

37: மேற்படி. "தூங்குறா." மணி ஒன்பதே முக்கால். நாற்காலியில் உட்காரவில்லை. இன்னும் அறுபது வீடு இருந்தது.

ஜூன் 20, சனி

மாலையில் கூட்டம். இருதயராஜ் சாருக்கு மேலிடத்தில் திட்டு. "பக்கத்து தெருவுல நாப்பது கேஸு. உங்க தெருவுல ஒண்ணுகூட இல்ல. என்னம்மா, கொரோனா உங்களப் பாத்து பயந்து ஓடுதா?" எல்லாரும் சிரித்தார்கள். திங்கள்கிழமையிலிருந்து கர்ப்பிணி இருக்கிற வீட்டில் ஒருவர் விடாமல் ஆக்சிஜன் பார்க்க வேண்டும், ஆளை நேரில் பார்க்காமல் எழுதக் கூடாது என்று உத்தரவு.

என்னைப் பற்றி, "பூங்கோதை லிஸ்ட்ல பொய் இருக்காது. இல்லன்னு எழுதுனா இல்லதான்" என்றார்.

ஜூன் 21, ஞாயிறு

விடுமுறை. மேல்சட்டையைத் துவைத்தேன். வெண்டைக்காய் அழுகிவிட்டது. கொட்டினேன்.

ஜூன் 22, திங்கள்

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

37இல் ஒன்பதரைக்கு. ஆக்சிஜன் பார்க்க மூன்று பேரும் வர வேண்டும் என்றேன். "எல்லாரும் நல்லாக்கீறோம்கா, எழுதிக்கோ" என்றார் முரளி. உத்தரவு என்றேன். சசிகலா வந்தாள்: ஆக்சிஜன் 98, நாடி 90. முரளி: 97, 78. பிறகு கலா வந்தாள். ஒரு வாரத்தில் முகம் சின்னதாகிவிட்டது. என்னைப் பார்க்கவில்லை.

விரலை நீட்டினாள். ஆக்சிஜன் 99. நாடி 134.

கருவி சரியில்லை என்று நினைத்தேன். கழற்றித் துடைத்து மறுபடி மாட்டினேன். 136. முரளி அவளுக்குப் பின்னால் நிலைப்படியில் கையை ஊன்றி நின்றிருந்தார். அவருக்குப் போன் வந்தது. பேசிக்கொண்டே வண்டிப் பக்கம் போனார். கருவி கலாவின் விரலிலேயே இருந்தது. 128. 117. 104. 96. அவள் கண்ணைத் தூக்கி என்னைப் பார்த்தாள். 92.

அவர் திரும்பி வந்து அதே இடத்தில் நின்றார். 119. 131.

"இன்னாக்கா, எதுனா பிரச்சினையா?" என்றார்.

"இல்ல தம்பி. எல்லாம் நார்மல்."

படிவத்தில் நாடிக்குக் கட்டம் இல்லை. ஆக்சிஜன் 99 என்று மட்டும் எழுதினேன். மீதி எழுபது வீட்டையும் முடித்தேன். யார் என்ன சொன்னார்கள் என்று நினைவில்லை.

வீட்டுக்கு வந்து டைரியில் 16ஆம் தேதிப் பக்கத்தைத் திறந்தேன். படிக்காமல் மூடிவிட்டேன்.

ஜூன் 23, செவ்வாய்

தெருவைக் கடைசியிலிருந்து ஆரம்பித்தேன். எட்டு மணிக்கு 37. வண்டி இல்லை. கலாதான் வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். சசிகலா உள்ளே படுத்திருந்தாள்.

வெப்பமானியை நெற்றிக்கு நேரே பிடித்துக்கொண்டேன். பார்க்கிறவர்களுக்கு நான் வேலை செய்கிற மாதிரி இருக்க வேண்டும்.

"உன் மாமாதானா?" என்றேன்.

வாளியைக் கீழே வைத்தாள். நான்கு வாக்கியம் சொன்னாள். அதை இங்கே எழுதப் போவதில்லை. ஏப்ரல் கடைசியிலிருந்து. மத்தியானம் அக்கா மாத்திரை போட்டுக்கொண்டு தூங்குகிற நேரம்.

"அக்காவுக்குத் தெரியுமா?"

"அக்கா கேக்கல."

போலீசுக்குப் போகலாமா என்றேன். போலீஸ் வீட்டுக்குத்தான் வரும், வந்துவிட்டுப் போய்விடும், அன்றைக்கு மத்தியானமும் இதே வீட்டில்தான் இருக்க வேண்டும் என்றாள். முதலில் இந்த வாசலைத் தாண்ட வேண்டும், பிறகு எங்கே வேண்டுமானாலும் சொல்கிறேன் என்றாள். ஊருக்கு பஸ் இல்லை. இ-பாஸ் வாங்க அவளிடம் போன் இல்லை. போன வாரம் பிடுங்கிக்கொண்டாராம். நடந்து போனால் தெருமுனைத் தடுப்பில் கேட்பார்கள், தடுப்பில் நிற்கிற ஆட்கள் முரளியிடம் மோர் வாங்கிக் குடிப்பவர்கள்.

இந்தத் தெருவுக்குள் வந்து ஒரு ஆளை ஏற்றிக்கொண்டு போகிற வண்டி இப்போது ஆம்புலன்ஸ் ஒன்றுதான். அது அவளுக்கு ஜூன் 12ஆம் தேதியே தெரிந்திருக்கிறது.

"நாளைக்குக் காலைல ரெடியா இரு. இருமிக்கினே இரு" என்றேன்.

16ஆம் தேதி நான் பேசியது பற்றி அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜூன் 24, புதன்

37. நித்யகலா, பெண், 20. காய்ச்சல் 101.4. இருமல் உண்டு. மணம் தெரியவில்லை. தகவல் அளித்தவர் என்ற இடத்தில் "நேரில் பரிசோதித்தது" என்று எழுதினேன்.

மிஷின் 97.0 காட்டியது.

எட்டே காலுக்கு இருதயராஜ் சாருக்குப் போன் செய்தேன். "ஒருவழியா ஒண்ணு கண்டுபிடிச்சீங்களே!" என்றார். எட்டு நாற்பதுக்கு ஆம்புலன்ஸ். எட்டரைக்கே முரளியின் வண்டி வந்துவிட்டது. அவர் இறங்கி, என்னையும் கலாவையும் பார்த்தார்.

"நேத்துகூட நல்லாதானேக்கா இருந்தா?"

"இப்ப 101.4 தம்பி."

"காட்டு, நான் பாக்குறேன்." கையை நீட்டினார்.

வெப்பமானியை அணைத்துப் பைக்குள் வைத்தேன். "பாசிட்டிவா இருந்தா உங்களுக்கும் ஒட்டிக்கும். பத்தடி தள்ளி நில்லுங்க" என்றேன். எதிர் வீட்டு அம்மா மாடியிலிருந்து, "முரளி, கிட்ட போவாதப்பா!" என்று கத்தினாள். தெருவில் அத்தனை மாடியிலும் ஆள். அவர் நின்றுவிட்டார்.

ஆம்புலன்ஸ்காரர் சீட்டு எழுதச் சொன்னார். படிவத்தில் 37ஆம் எண்ணுக்கு முரளியின் நம்பர் இருக்கிறது. தொடர்புக்கு என்ற இடத்தில் என் நம்பரை எழுதினேன்.

கலா ஏறும்போது இருமவே இல்லை. நான் சொன்னதை மறந்துவிட்டாள். யாரும் கவனிக்கவில்லை.

பரிசோதனை முடிவு வரும்வரை வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று மத்தியானம் அவர்கள் வாசலில் தகரம் அடித்தார்கள். உள்ளே முரளியும் சசிகலாவும். அதை நான் யோசித்திருக்கவில்லை.

ஜூன் 25, வியாழன்

தகரம் அடித்த வீடுகளுக்குத் தினமும் இரண்டு முறை போக வேண்டும். 37இல் ஜன்னல் வழியாகத்தான் பேச்சு. காலையில் முரளி. "ரிசல்ட் எப்ப வரும்? வண்டில காய் அழுவுது" என்றார். அக்கா என்று சொல்லவில்லை.

மாலையில் சசிகலா வந்தாள். உள்ளே தண்ணீர் ஊற்றும் சத்தம், அவர் குளிக்கிறார்.

"உங்கள எதுனா செஞ்சாரா?" என்று கேட்டேன்.

"என்னை எதுக்கு செய்யணும்?" என்றாள். தண்ணீர்ச் சத்தம் வரும் பக்கம் பார்த்துவிட்டு, "அவ எப்டி இருக்கா?"

"காலைல பேசினேன். நல்லா தூங்குறாளாம்."

"தூங்கட்டும்."

உள்ளே போனாள். திரும்பி வந்து ஜன்னல் கம்பிக்கு நடுவே ஒரு துணிப்பையை நசுக்கித் திணித்தாள். கலாவின் இரண்டு சுடிதார், மார்க் ஷீட், ஆதார் அட்டை.

"அங்க ரெண்டு நாளைக்கு இதெல்லாம் எதுக்கும்மா?" என்றேன். எதற்கென்று எனக்குத் தெரியும். அவள் வாயால் கேட்க வேண்டும் போலிருந்தது.

"உங்க வேலை காய்ச்சல் பாக்குறதுதானே" என்று சொல்லி ஜன்னலைச் சாத்தினாள்.

முகாம் ஒரு கல்யாண மண்டபம். கலாவை மாடியில் மணமகள் அறையில் வேறு ஐந்து பெண்களோடு வைத்திருக்கிறார்கள். செவிலியர் ஜெபமணி சிஸ்டரின் போனிலிருந்து பேசினாள். "உள்ள தாப்பா இருக்குக்கா" என்றாள்.

ஜூன் 26, வெள்ளி

காலை பத்தேகாலுக்கு என் போனுக்கு அழைப்பு. நித்யகலா, நெகட்டிவ், வந்து கூட்டிப்போகலாம்.

மண்டபம் மூன்று கிலோமீட்டர். நடந்தேன். என் வீட்டுக்குக் கூட்டிப்போய், அவள் அம்மாவுக்குப் போன் செய்து, இ-பாஸ் எடுத்து வரச் சொல்லலாம் என்று வழியெல்லாம் கணக்குப் போட்டேன். நெகட்டிவ் என்றால் தகரத்தைப் பிரிக்க வேண்டும், பிரிக்கிறவர்கள் முரளிக்குச் சொல்லாமல் பிரிக்க மாட்டார்கள் என்பது பாதி வழியில்தான் தோன்றியது.

போனபோது வண்டி வாசலில் நின்றிருந்தது. கண்ணாடியில் "அத்தியாவசியப் பணி". முரளி கேட்டருகே, கையில் ரேஷன் கார்டு. ஜெபமணி சிஸ்டர் உள்ளே மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கலா.

"கூட்டிட்டுப் போறவங்க யாரு?"

"நான்தான் சிஸ்டர். குடும்பத் தலைவர்" என்று கார்டை நீட்டினார்.

சிஸ்டர் சீட்டைப் பார்த்தார். "இதுல வேற நம்பர் இருக்கே. பூங்கோதை யாரு?"

கை தூக்கினேன்.

"இந்தக்கா எங்க தெருவுல கணக்கெடுக்குறவங்க சிஸ்டர்" என்று முரளி சிரித்தார். "அவசரத்துல அவங்க நம்பரையே எழுதிட்டாங்க போல. யக்கா, உனக்கு எதுக்கு சிரமம்? நானாச்சு. நீ போ."

சிஸ்டர் பேனாவை எடுத்தார். வாயைத் திறந்தேன். சொன்னால் 101.4 எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். வேலை போகும், கேஸ்கூடப் போடலாம். இவ்வளவும் அந்த நேரத்தில் நினைத்தேன் என்பதை எழுதிவைக்கிறேன்.

"சிஸ்டர், அவளக் கேளுங்க" என்றேன்.

"என்னத்தம்மா?"

"யாரோட போறேன்னு. அவ பக்கத்துலதானே இருக்கா. வயசு இருபது."

"சின்னப் பொண்ணு சிஸ்டர், அதுக்கு இன்னா தெரியும்" என்றார் முரளி.

சிஸ்டர் அவரைப் பார்த்தார். பிறகு கலாவைப் பார்த்தார். "சொல்லும்மா. யாரோட போற?"

கலா முகக்கவசத்தைக் கீழே இறக்கினாள். "எனக்குக் காய்ச்சலே வரல மேடம். இந்தக்கா எழுதுனது பொய். நான் கேட்டுத்தான் எழுதுனாங்க. வீட்ட வுட்டு வெளிய வர எனக்கு வேற வழி இல்ல. ஏன்னு போலீஸ்ல சொல்றேன். லேடி போலீஸக் கூப்புடுங்க." முரளி பக்கம் கையைக் காட்டினாள். "இவரோட போவ மாட்டேன்."

மண்டப வாசலில் சுண்டல் வாங்க நின்ற இரண்டு நோயாளிகள் திரும்பிப் பார்த்தார்கள்.

"குடும்ப விஷயம் சிஸ்டர், அதுக்கு மூளை..." என்று முரளி கேட்டுக்குள் ஒரு காலை வைத்தார்.

சிஸ்டர் எழுந்து வந்து கேட்டைச் சாத்தினார். "தம்பி, வெளிய நில்லுங்க. மாஸ்க்க மேல ஏத்துங்க." தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு உள்ளே திரும்பி, "டாக்டரைக் கூப்பிடு, லேடீஸ் ஹெல்ப்லைன் 181க்கு அடி" என்று யாரிடமோ சொன்னார்.

நானும் முரளியும் கேட்டுக்கு வெளியே நின்றோம். அவர் என்னிடம் கத்தவில்லை. மெதுவாகத்தான் கேட்டார்.

"உனக்கு நாற்காலி போட்டேன்ல?"

வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சாயந்திரம் மகளிர் காவல் நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போய்ப் பிடித்ததாகச் சொன்னார்கள். சிறைக்கு அனுப்புவதற்கு முன்னால் அவருக்குக் கொரோனா பரிசோதனை எடுக்க வேண்டுமாம்.

ஜூன் 27, சனி

இருதயராஜ் சார் கூப்பிட்டனுப்பினார். வெப்பமானி, ஆக்சிஜன் கருவி, மேல்சட்டை மூன்றையும் மேசையில் வைத்தேன்.

"பொய் எழுதுன ஆள நான் எப்படிம்மா வெச்சுக்க முடியும்?"

"முடியாது சார்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

அவரிடம் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதைச் சொல்லவில்லை. அவர் பதிவேட்டைத் திறந்து 24ஆம் தேதிப் பக்கத்தில் விரலை வைத்தார்.

"இதத் திருத்தணும். சரியான டெம்பரேச்சர் என்ன?"

"97.0."

சிவப்பு மையில் எழுதிக்கொண்டார். 16ஆம் தேதியிலிருந்து 20 வரை அதே வீட்டுக்கு "இல்லை" என்று எழுதியிருந்த வரிகளைத் திருத்தச் சொல்லவில்லை.

சசிகலாவை அரசு மருத்துவமனையில் பிரசவ வார்டில் சேர்த்திருக்கிறார்கள். ரத்த அழுத்தம். அவள் அம்மா திண்டிவனத்திலிருந்து காரில் வந்துவிட்டார். கலா என் வீட்டில் இருக்கிறாள். மருத்துவப் பரிசோதனைக்குப் பெண் காவலர் வந்து கூட்டிப்போய்க் கொண்டுவந்து விட்டார். சாதமும் ரசமும் செய்தேன். உப்பு சரியாக இருக்கிறது என்றாள்.

ஜூன் 29, திங்கள்

வாக்குமூலத்துக்கு என்னை அழைத்திருந்தார்கள். தொற்றுப் பயத்தால் நிலையத்துக்கு வெளியே பந்தல் போட்டு அங்கேயே விசாரிக்கிறார்கள். இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு ஒரு மேசை, எனக்கு ஒரு நாற்காலி, ஆறடி தள்ளி இன்னொரு நாற்காலியில் கலா.

தேதி வாரியாகக் கேட்டார். டைரியைக் கொண்டுபோயிருந்தேன். பார்த்துப் பார்த்துச் சொன்னேன். நாடி 134 என்றபோது எழுதுவதை நிறுத்தி, "நீங்க நர்ஸா?" என்று கேட்டார். செக்கிங் என்றேன்.

பிறகு சொன்னார்: "அந்த ஆள் என்ன சொல்றான் தெரியுமா? இது ஆரம்பத்துலேர்ந்தே பொய் சொல்ற பொண்ணு, காய்ச்சல்னு நடிச்சுது, கணக்கெடுக்க வர்ற பொம்பளையே என்கிட்ட வந்து புகார் சொன்னா, அதுக்குத்தான் கண்டிச்சேன், அந்தக் கோவத்துல பழி போடுதுங்கறான். அந்தப் பொம்பள நீங்கதானா? சொன்னீங்களா?"

இல்லை என்று சொல்லலாம். முரளி வார்த்தை, என் வார்த்தை. அன்றைக்கு அங்கே வேறு யாரும் இல்லை. மோர் குடித்தது நாங்கள் இரண்டு பேர் இருந்தபோதுதான்.

"சொன்னேன் மேடம்" என்றேன். "16ஆம் தேதி. வெந்நீர்த் துணி வெச்சத, முகாம் பத்திக் கேட்டத, எல்லாத்தையும் நான்தான் சொன்னேன். அவ ஏன் அப்படிச் செய்யுறான்னு அவகிட்ட ஒரு தடவகூடக் கேக்கல. அவர்கிட்ட சொன்னேன். அடுத்த நாள்லேர்ந்து அவள வாசல்ல பாக்கல. இதையும் அப்படியே எழுதிக்கோங்க."

அப்படியே எழுதிக்கொண்டார். படித்துக் காட்டினார். கையெழுத்துப் போட்டேன். அவர் உள்ளே எடுத்துப் போனார்.

டைரியை மூடிப் பைக்குள் வைத்தேன். பிறகு கலா பக்கம் திரும்பினேன்.

"கேட்டுக்கினு இருந்தியா?"

"ம்."

"உனக்குத் தெரியாதும்மா. நான்தான்..."

"தெரியும்க்கா. அன்னிக்கே தெரியும். நீ சொன்னதச் சொல்லிச் சொல்லித்தான்..." முடிக்கவில்லை. துப்பட்டா நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"தெரிஞ்சுமா அன்னிக்கு என்கிட்ட சொன்ன?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இருக்கிறதா என்று தேடினேன். இருந்தது.

"வேற யாருக்கா எங்க கதவத் தட்டுனாங்க?" என்றாள்.